பெயர் தெரியாத சின்னப் பாய்மரப் படகு கைக்கு வந்தால்: அது எங்கே பிறந்தது என்று கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

ஊருணியைத் தவிர வேறு தண்ணீர் இல்லாத செட்டிநாட்டில் படகுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஆனால் தொண்டிக் கடற்கரை காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். அதோடு இங்குள்ள பெரிய வீடுகளில் பர்மா, மலேயா, இலங்கை என்று மூன்று தலைமுறையாகச் சாமான் வந்து இறங்கியிருக்கிறது. வீட்டைப் பிரிக்கும்போது இரண்டாங்கட்டு அறையிலிருந்து எனாமல் அடுக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் வருகிற மாதிரி, எப்போதாவது ஒரு சின்னப் படகும் வந்துவிடுகிறது. எனக்கு அப்படித்தான் கிடைத்தது. தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் எடுத்த படகு, நாலு கை பெயிண்ட், பாய் இல்லை, சுக்கான் இல்லை. விற்றவர் "பர்மாவிலிருந்து வந்தது அண்ணே, நூறு வருசம் இருக்கும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான்.

அந்தப் படகு என்னவென்று தெரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதம் ஆனது. வேலைகளைச் சரியான வரிசையில் செய்திருந்தால் இரண்டு வாரத்தில் முடிந்திருக்கும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். "இது எங்கிருந்து வந்தது" என்பது பார்க்க ஒரு கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே நான்கு கேள்விகள் இருக்கின்றன. யார் வடிவமைத்தது, எங்கே கட்டியது, எந்தத் தண்ணீரில் ஓடியது, எப்படி இந்த வீட்டுக்கு வந்தது. இங்கிலாந்தில் வரைந்த படகை சிங்கப்பூரில் கட்டியிருக்கலாம், கொழும்பில் ஓட்டியிருக்கலாம். நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் எதற்கும் விடை வராது. ஒரு நோட்டில் நான்குக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கிவிடுங்கள்.

கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள்

நம் ஊரில் பழைய பித்தளையைப் பார்த்தாலே கை புளியைத் தேடும். படகில் இருக்கிற பித்தளைத் தகட்டில் மட்டும் அதைச் செய்துவிடாதீர்கள். தேய்ந்துபோன எழுத்தின் ஓரத்தில் படிந்திருக்கிற கறுப்புதான் அந்த எழுத்தைப் படிக்க வைக்கிறது. புளியும் சாம்பலும் போட்டுப் பளபளப்பாக்கினால் எழுத்தும் சேர்ந்து போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள், அது போதும். பெயிண்ட்டைச் சுரண்டுகிற வேலையும் இப்போது வேண்டாம். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும், அதன் தூசி நெஞ்சுக்குள் போகக் கூடாது. அதைவிட, அடிப் பூச்சில் பெயரோ எண்ணோ இருந்தால் அதுவும் தூசியாகிப் போய்விடும்.

படகோடு வந்த துண்டு துக்கடா எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். கயிறு, வளைந்த இரும்பு, எதற்கென்று தெரியாத பலகை, எல்லாம்தான். விற்ற வீட்டுக்கு இன்னொரு தடவை போய்த் தேடவும் செய்யுங்கள். என் படகின் நடுவில் செருகுகிற பலகை அந்த வீட்டு அடுப்படியில் பாத்திரம் கவிழ்க்கிற பலகையாக இருந்தது. ஒரு முனை கத்தி மாதிரி சீவியிருந்ததால்தான் என் கண்ணில் பட்டது.

நம்ம ஊர்ப் படகா, வெளியூர்ப் படகா

இந்தக் கேள்விக்கு நான் ஆள் தேடிப் போனது தொண்டிக்கு. அங்கே ஒரு பெரியவர், படகு கட்டுகிற ஓடாவி. போட்டோவைக் காட்டியதும் அணியத்தை, அதாவது படகின் முன்முனையைப் பார்த்தார், அமரத்தை, அதாவது பின்முனையைப் பார்த்தார். "இது நம்ம வேலை இல்லப்பா, இதுல வங்கே இல்லையே" என்றார். அரை நிமிடத்தில் முடிந்தது. வள்ளமோ வத்தையோ எதுவானாலும் அடியில் முதுகெலும்பு மாதிரி ஏரா வைத்து, அதில் விலா எலும்பு மாதிரி வங்கு நிறுத்தி, அதன்மேல் பலகை அடிப்பார்கள். வங்கு இல்லாமல் பலகையே பலகையைத் தாங்கி நிற்கிறது என்றால், அது ஒட்டுப்பலகையும் (பிளைவுட்) பசையும் வந்த பிறகு பிறந்த படகு.

நீங்களே பார்க்க மூன்று அடையாளங்கள் உண்டு. படகின் நடுவில் அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு ஒரு நீள வாய் இருக்கிறதா? அது பக்கவாட்டில் சறுக்காமல் இருக்கச் செருகும் பலகைக்கானது. முன்பக்கம் பாய்மரம் நிற்க ஒரு குழியோ ஓட்டையோ இருக்கிறதா? பின்பலகையில் சுக்கான் மாட்ட இரண்டு வளையம் அல்லது கொக்கி இருக்கிறதா? மூன்றும் இருந்தால் டிங்கி என்கிற சின்னப் பாய்மரப் படகுதான். மூன்றும் இல்லாமல் துடுப்புக் கொண்டி மட்டும் இருந்தால் துடுப்புப் படகு, அல்லது ஏதாவது கப்பலின் கூடப் படகு. ரஜுலா மாதிரி நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஓடிய கப்பல்களை இங்குள்ள பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் "கப்பல் படகு" என்ற பேச்சு சீக்கிரம் வந்துவிடும். கப்பலின் உயிர்காப்புப் படகு என்றால் கப்பலின் பெயர், துறைமுகம், எத்தனை பேர் ஏறலாம் என்ற கணக்கு எல்லாம் அதன் உடம்பிலேயே குறித்திருப்பார்கள். அதற்கான தடமே இல்லையென்றால் அந்தப் பேச்சைத் தள்ளி வையுங்கள்.

அளவு

இதுதான் பாதி வேலை, கவனமாகச் செய்யுங்கள். படகை நிமிர்த்தி, கொத்தனார் வைத்திருக்கிற தண்ணீர் டியூபால் மட்டம் பார்த்து, அடியில் முட்டுக் கொடுங்கள். அணியத்தின் நுனியிலிருந்து ஒரு தூக்குக்குண்டு, பின்பலகையிலிருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டு, தரையில் இரண்டு புள்ளி குறித்து அளந்துகொள்ளுங்கள். உடம்பின் வளைவு மேலேயே டேப்பை ஓட்டினால் பத்து சென்டிமீட்டர் கூடிவிடும். சுக்கானைச் சேர்க்கக் கூடாது. அப்புறம் அதிகபட்ச அகலம், பின்பலகையின் அகலம், பாய்மரக் குழிக்கும் அணியத்துக்கும் உள்ள தூரம்.

சென்டிமீட்டரில் வந்ததை அடிக்கும் மாற்றிப் பாருங்கள். 366 என்று வந்தால் அது சரியாக 12 அடி. 427 என்றால் 14 அடி. இப்படி அடிக்கணக்கில் முழுசாக உட்கார்ந்தால் வடிவமைத்தவர் அங்குலத்தில் நினைத்தவர், அதாவது பெரும்பாலும் ஆங்கிலேயரோ அமெரிக்கரோ. 420, 470 என்று சென்டிமீட்டரில் முழுசாக வந்தால் அந்த எண்களே பெயரான இரண்டு பிரெஞ்சு வகைகளைப் பாருங்கள்.

ஆசியாவில் கண்ணில் படக்கூடிய சில வகைகளின் நீளம் இது. ஆப்டிமிஸ்ட் 2.36 மீட்டர், சிறுவர்களுக்கானது, 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வரைந்தது. கேடட் 3.22 மீட்டர், அதுவும் 1947, ஆங்கிலேயர் ஜாக் ஹோல்ட் வரைந்தது. மிரர் 3.30 மீட்டர், 1962. ஃபயர்ஃபிளை 3.66, 1946. ஓகே டிங்கி 4 மீட்டர், 1957, டென்மார்க்கிலிருந்து. எண்டர்பிரைஸ் 4.04, 1956. லேசர் 4.23, 1970ஐ ஒட்டி வந்தது. ஜிபி 14 என்பது 4.27, 1949. ஃபயர்பால் 4.93, 1962. இதில் கேடட், மிரர், எண்டர்பிரைஸ், ஜிபி 14 நான்குமே ஜாக் ஹோல்ட்டின் கை பட்டவை. பழைய ஆங்கிலேயத் துறைமுக ஊர்களில் இவர் படகு கிடைத்தால் ஆச்சரியமில்லை. எண்டர்பிரைஸ் நம் என்சிசி கடற்படைப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பழக்கமான படகு, அதனால் அந்த நீளம் வந்தால் வெளிநாட்டை நினைக்கும் முன்னால் உள்நாட்டை விசாரியுங்கள்.

நீளத்தோடு முன்பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். அணியம் கூர்மையாக இல்லாமல் பெட்டி மாதிரி தட்டையாக வெட்டி நின்றால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். ஆப்டிமிஸ்ட், கேடட், மிரர் மூன்றுமே அப்படித்தான். என் படகு 3.30 மீட்டர் நீளம், 1.39 மீட்டர் அகலம், முகம் தட்டை. அன்றைக்கே எனக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். நான் அளந்ததோ ஆறாவது மாதத்தில்.

எப்படிக் கட்டியிருக்கிறார்கள்

வயதையும் நாட்டையும் அதிகம் சொல்வது கட்டிய முறைதான், இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி பலகை மேல் பலகை ஏறி உட்கார்ந்திருந்து, ஏறும் இடமெல்லாம் செம்பு ஆணி அடித்துப் பின்பக்கம் சின்னச் செம்பு வளையத்தில் மடித்திருந்தால் அது வட ஐரோப்பியப் பழக்கம். பலகைகள் ஏறாமல் விளிம்போடு விளிம்பு சேர்ந்து வழவழப்பாக இருந்து உள்ளே நிறைய வங்கு இருந்தால் எந்த நாடாகவும் இருக்கலாம், மரம்தான் பேச வேண்டும். மரத்துக்கு நம்மிடம் ஆள் பஞ்சம் இல்லை. பர்மாத் தேக்கிலேயே கை பழகிய ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டு, மறைவான இடத்தில் நகத்தளவு சீவி முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தேக்கா இல்லையா என்று அங்கேயே சொல்லிவிடுவார். தேக்கு என்றால் ஆசியாவில் கட்டியிருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் ஒரே ஒரு சட்டம் மட்டும் தேக்காக இருந்தால் அது பின்னால் பழுது பார்த்ததாகவும் இருக்கும்.

உள்பக்கம் வங்கே இல்லாமல், மெல்லிய மரச் சீவல்கள் குறுக்கும் நெடுக்கும் சாய்வாக ஒட்டி முட்டை ஓடு மாதிரி உருண்டிருந்தால் அது அச்சில் வைத்துச் சூட்டில் வேகவைத்த படகு. போர்க்கால விமானத் தொழிலிலிருந்து வந்த முறை இது, இங்கிலாந்தில் ஃபேரி மரைன் நிறுவனம் இப்படித்தான் ஃபயர்ஃபிளைகளைச் செய்தது. தட்டையான பிளைவுட் தாள்கள் கோணமாகச் சேர்ந்திருந்தால் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டக்கூடிய 1950, 60களின் வகை. பிளைவுட்டில் பெயிண்ட் படாத மூலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். "பிஎஸ் 1088" என்ற முத்திரை தெரிந்தால் அது பிரிட்டிஷ் தரத்துக்குச் செய்த கடல் பிளைவுட்.

இனி எனக்குப் பிடித்த இடம். மிரர் படகில் பிளைவுட் துண்டுகளின் ஓரத்தில் ஜோடி ஜோடியாக ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து முறுக்கி, உள்ளே கண்ணாடி இழை நாடாவையும் ரெசினையும் வைத்து ஒட்டுவார்கள். வெளியே நீட்டும் கம்பியை வெட்டிவிட்டு ராவிவிடுவார்கள். 1962இல் இது புதுமையாகப் பேசப்பட்ட முறை. நம் சோழமண்டலக் கரையில் மசூலா படகை ஆணியே இல்லாமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்து அலையில் இறக்கியவர்களுக்கு இது புதிதாகவே இருந்திருக்காது. தொண்டி ஓடாவி அந்தத் தையலை விரலால் தடவியபடி "கயித்துக்குப் பதிலாக் கம்பி போட்டிருக்கான்" என்றார். பூச்சுக்கு அடியில் விரல் வைத்தால் ஒரே இடைவெளியில் சின்னச் சின்ன மேடு வரிசையாக நெருடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்து அடித்தால் கண்ணுக்கே தெரியும். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

ஃபைபர் படகு என்றால் 1950களுக்கு முன்னால் யோசிக்க வேண்டாம்.

எண் தேடுதல்

எங்கே தேடுவது? பின்பலகையின் உள்ளும் வெளியும், நடுப்பலகைப் பெட்டியின் பக்கங்கள், பாய்மரக் குழியைச் சுற்றி, அணிய வளையத்துக்கு அடியில், உள் ஏராவின் மேல்முகம். பல வகைகளில் பாயில் இருக்கும் எண்ணை மரத்திலும் வெட்ட வேண்டும் என்று விதியே உண்டு. லேசரில் அணிய வளையத்துக்கு அடியிலோ பின்பலகையிலோ எண் பதிந்திருக்கும்.

பெயிண்ட் நிரம்பி எண் தெரியவில்லையா? கோயில் கல்வெட்டைப் படியெடுக்கிற மாதிரி செய்யுங்கள். மெல்லிய தாளை ஒட்டி வைத்து, மென்மையான பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் பள்ளமான இடம் வெள்ளையாக நிற்கும். என் படகின் பின்பலகை உள்பக்கத்தில் ஐந்து இலக்கம் அப்படித்தான் எழும்பி வந்தது. நான்காவது இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியாமல் ஏழு தாள் தேய்த்தேன்.

அமெரிக்கப் படகில் 1972 நவம்பரிலிருந்து பன்னிரண்டு எழுத்து, எண் கொண்ட அடையாளம் கட்டாயம். வெளிப்பக்கம், பின்பலகையின் வலது மேல் மூலையில் இருக்கும். முதல் மூன்றும் செய்தவரின் குறி, அடுத்த ஐந்தும் வரிசை எண், கடைசி நான்கும் காலம். 1984 ஆகஸ்டுக்குப் பிந்திய படகில் கடைசி நான்கு "டி 5 85" என்று இருந்தால், டி நான்காவது எழுத்து என்பதால் ஏப்ரல், 5 கட்டிய வருடத்தின் கடைசி இலக்கம், 85 மாடல் ஆண்டு. ஆங்கில எழுத்து ஏ ஜனவரி, எல் டிசம்பர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் 1998இலிருந்து முன்னால் நாட்டின் இரண்டெழுத்தும் சேர்ந்து பதினான்காக வரும். பழைய மரப் படகில் இதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், இல்லாததே ஒரு தகவல்தான்.

பாய் கிடைத்தால் பாதி முடிந்தது

பாயைத் தேடுங்கள், பரணில் மெத்தை மூடியாகவோ நெல் காயப்போடும் படுதாவாகவோ இருக்கும். அதில் வகையின் சின்னம் இருக்கும். மணி போட்டிருந்தால் ஜிபி 14, சூரியக் கதிர் என்றால் லேசர், ஐயும் ஓவும் பின்னியிருந்தால் ஆப்டிமிஸ்ட். நிறமும் பேசும், எண்டர்பிரைஸ் நீலம், மிரர் சிவப்பு. எண்ணுக்கு முன்னால் நாட்டெழுத்து இருந்தால் இன்னும் நல்லது. பழைய முறையில் கே என்று தனியாக இருந்தால் பிரிட்டன், கேஏ ஆஸ்திரேலியா, கேஇசட் நியூசிலாந்து. இப்போதைய மூன்றெழுத்தில் ஐஎன்டி இந்தியா, எஸ்ஆர்ஐ இலங்கை, எஸ்ஜிபி சிங்கப்பூர், எம்ஏஎஸ் மலேசியா. கீழ் முன் மூலையில் பாய் தைத்தவரின் துணி லேபிள் இருக்கும். ராட்ஸி அண்ட் லாப்தார்ன், ஜெக்கல்ஸ் இரண்டும் இங்கிலாந்து.

துணி என்ன என்று பார்க்க ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீயில் காட்டுங்கள். தாள் மாதிரி எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகி உருண்டையானால் செயற்கை இழை, அதாவது 1950களுக்குப் பின்.

உலோகச் சாமான்களில் பெயர் தேடுங்கள். ரான்ஸ்டன் என்றால் ஆஸ்திரேலியா, ஹார்க்கன் என்றால் அமெரிக்கா. ஒரு கப்பியை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், கப்பி மாற்றுவது செருப்பு வார் மாற்றுவது மாதிரி. எல்லாக் கப்பியும் ஒரே பெயரில் இருந்தால்தான் பொருள் உண்டு.

வீட்டாரிடம் கேட்பது

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கதையை முதலில் கேட்டுவிட்டால் கண் அந்தக் கதையைத்தான் படகில் தேடும். நான் ஐந்து மாதம் பர்மாவையே தேடினேன். மிரர் பிறந்தது 1962இல். ரங்கூனில் வங்கியும் கடையும் அரசுடைமையானது 1963, 64இல். அந்த இடைவெளியில் நம்மவர் ஒருவர் அங்கே புதுப் படகு வாங்கி ஊருக்கு அனுப்பியிருப்பார் என்று நம்ப முடியவில்லை.

கேட்கும்போது வருடத்தைக் கேட்காதீர்கள். "பர்மாவா ஆச்சி?" என்று விடையையும் நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். நான் அந்த வீட்டு ஆச்சியிடம் இரண்டாவது தடவை போய், "இது வந்தப்ப வீட்டுல என்ன விசேஷம் ஆச்சி?" என்றேன். யோசித்துவிட்டு, "மாமாவுக்குச் சாந்தி நடந்துச்சே, அதுக்கு அடுத்த வருசம் லாரில வந்துச்சுப்பா. பிள்ளைக ஊருணில விட்டு விளையாண்டாக, அப்புறம் ஒருத்தன் விழுந்துட்டான்னு தூக்கி உள்ள போட்டாக" என்றார்கள். சாந்தி என்றால் அறுபது வயது. மாமாவின் பிறந்த வருடம் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. கூட்டினால் 1971 வந்தது. பழைய பேரேடு இருந்தால் அதே வருடத்தில் லாரிக் கூலி, சுங்கம் என்று வரி இருக்கிறதா எனக் கேட்டுப் பாருங்கள். படகின் அடியிலோ வந்த பெட்டியிலோ வீட்டு விலாசத்தின் இனிஷியல் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். கடல் கடந்து கொண்டுவிற்கப் போன கடையின் பெயர் அதிலிருந்து பிடிபடும்.

எனக்குக் கடைசித் துப்பு ஒரு ஒட்டுக்கு அடியில் கிடைத்தது. இடது பக்கம் யாரோ பிளைவுட் துண்டு வைத்து ஆறு பித்தளை ஸ்க்ரூ போட்டிருந்தார்கள். கழற்றினால் இடைவெளியை அடைக்க மடித்து வைத்த செய்தித்தாள், எண்ணெய் ஊறிப் பழுப்பேறி, சிங்கள எழுத்தில். தேதி இருக்கிற பக்கம் இல்லை. ஆனால் மூன்றாவது கேள்விக்கு நோட்டில் இலங்கை என்று எழுதினேன்.

யாருக்கு எழுதுவது

வகை பிடிபட்டதும் அந்த வகைக்கென்று இருக்கிற சங்கத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். மிரர் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டிருப்பதால் எண் இல்லாமல் கேட்டால் அவர்களாலும் எதுவும் செய்ய முடியாது. வகையே பிடிபடவில்லை என்றால் சென்னையில் 1911இலிருந்து இருக்கிற ராயல் மெட்ராஸ் யாட் கிளப் மாதிரியான இடத்தில் பழைய உறுப்பினர்களிடம் போட்டோ காட்டலாம்.

போட்டோ ஆறு போதும். நேர் பக்கவாட்டு, நேர் முன், நேர் பின், மேலிருந்து உள்பக்கம் முழுதும், கவிழ்த்துப் போட்ட அடிப்பகுதி, எண்ணின் பென்சில் படி. ஒவ்வொன்றிலும் ஒரு அளவுகோல் தெரிய வேண்டும். செல்போனைக் கிட்டே கொண்டுபோய் எடுத்தால் படகு வளைந்து தெரியும், அதனால் பத்தடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். கடிதத்தில் அளவை மீட்டரிலும் அடியிலும் எழுதுங்கள், பார்த்ததை மட்டும் எழுதுங்கள், கேள்விப்பட்டதைத் தனிப் பத்தியாக அடியில் போடுங்கள். எனக்குப் பதில் பதினோராம் நாள் வந்தது, நான்காவது இலக்கம் எட்டுதானா என்று இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். தாளை எடுத்துக்கொண்டு திரும்பவும் பின்பலகைக்குள் தலையை விட்டேன். எட்டுதான்.